கழிவுநீர்த் தொட்டிப் பணி: பிளம்பிங் ஒப்பந்ததாரர்களும் சங்க நிர்வாகிகளும் அறிய வேண்டியவை

புதுதில்லி: குழாய் அடைப்பை நீக்கச் செல்லும் பிளம்பர்களுக்குக் கழிவுநீர்த் தொட்டியே பெரும் ஆபத்தாக உள்ளது. அங்கு உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, செறிவு மிகும்போது நுகரும் திறனை மழுங்கச் செய்யும். எனவே, நாற்றம் இல்லாதது பாதுகாப்புக்குச் சான்றாகாது. மயங்கியவரை மீட்கச் சுவாசக் கருவியின்றி இறங்குவோரும் உயிரிழக்கின்றனர்.

பாதுகாப்புச் சாதனங்களின்றித் தொழிலாளரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் மனிதக் கழிவுகளை மனிதர்கள் அகற்றுவதற்கான தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. முதல்முறை மீறினால் 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கழிவுநீர்க் குழிகளில் உயிரிழப்போரின் குடும்பங்களுக்கான இழப்பீட்டை ரூ.10 லட்சத்தில் இருந்து ரூ.30 லட்சமாக உயர்த்தி, உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20-இல் தீர்ப்பளித்தது. நிரந்தர ஊனம் ஏற்பட்டால் குறைந்தபட்சம் ரூ.20 லட்சம் வழங்க வேண்டும்.