கம்பிச்சுருள் இல்லாத தூண்டி

வானொலிப் பெட்டியில் வேண்டிய அலையைப் பிரித்தெடுப்பதற்கும் புதிய அலையை உற்பத்தி செய்வதற்கும் இன்றியமையாததாய் விளங்கிய தூண்டி எனும் கம்பிச்சுருள், ஒருங்கிணைந்த சுற்றுகளின் யுகம் பிறந்தபோது, அற்பப் பரப்பேயுள்ள சிலிக்கான் சில்லில் இடம்பெற இயலாத பெருஞ்சுமையாயிற்று. ஹாலந்து தேசத்து டெல்லஜன் 1948-இல் முன்மொழிந்த ‘ஜைரேட்டர்’ என்னும் தத்துவமே, மின்தேக்கியைத் தூண்டியின் குணத்தோடு நடக்கச் செய்து, அச்சங்கடத்துக்குப் பரிகாரம் காட்டியது.

நம் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த கே. ராதாகிருஷ்ண ராவும் எஸ். சீனிவாசனும் 1973-இல் வெளியிட்ட, கம்பிச்சுருள் வேண்டாத வடிகட்டிச் சுற்றோ, அதிர்வெண் ஏற ஏற ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபயர் என்னும் மின்பெருக்கியின் பெருக்கம் குறைவதாகிய அதன் சுபாவமான குறையையே சாதனமாகக் கொண்டது. குறையைக் குணமாக்கிய அந்தச் சாதுர்யத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கம்பிச்சுருளில்லாத இவ்வகைத் தூண்டிகளில் இரைச்சலும் மின்செலவும் மிகுதி என்பது மெய்யே. ஆயினும் இவ்வரலாற்றை நம் கல்லூரி ஆசிரியர்கள் மாணவர்களுக்குத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும்.