தஞ்சாவூர்ச் சத்திரங்கள்

தஞ்சாவூர்ச் சத்திரங்கள் என்பவை, வழிப்போக்கர்கள் கட்டணமின்றி உண்டு தங்குவதற்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் காவிரிப் படுகையிலும் இராமேசுவரம் செல்லும் வழியிலும் ஏற்படுத்திய அறநிலையங்கள். தங்கும் விடுதி, அன்னசாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை இவற்றில் ஒருங்கே இயங்கின. விருந்தினரின் செலவை நெல் விளையும் நிலம் ஏற்றது என்பதே இவற்றின் சிறப்பு.

தோற்றம்

காசிக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரை செல்வோர் தஞ்சை நாட்டைக் கடந்தே நடந்தனர். அவர்களுக்காக மராட்டிய அரச குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகச் சத்திரங்களைக் கட்டினர். பல சத்திரங்கள் அரண்மனைப் பெண்களின் பெயரைத் தாங்கின. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரமும் இருந்தன. பின்னது இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) முத்தாம்பாளின் நினைவாக 1802-இல் அமைத்தது. இதனால் ஒரத்தநாட்டுக்கு முத்தாம்பாள்புரம் என்ற பெயரும் வழங்கியது.

சரபோஜியின் கடிதம்

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. சரபோஜிக்குக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. சத்திரங்களும் அவற்றின் மானிய ஊர்களும் தம் கையை விட்டுப் போகுமோ என்று மன்னர் அஞ்சினார். 1801-இல் கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் சத்திரங்கள் நடந்த விதத்தை விரிவாகக் காட்டுகிறது.

அக்கடிதத்தின்படி எல்லாச் சாதியினருக்கும் சோறு வழங்கப்பட்டது. சமைத்த சோற்றை ஏற்காதவர்கள் அரிசியும் மற்றப் பொருள்களும் பெற்றனர். நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை உண்ணாதவர்களை அழைத்து உணவிட்டனர். கைக்குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது. நோயுற்ற பயணிக்குக் குணமாகும்வரை மருந்தும் பராமரிப்பும் உண்டு. சத்திரத்தில் இறந்தவருக்கு அவரவர் குல வழக்கப்படி இறுதிச் சடங்கு நடந்தது. அங்கே பெற்றோரை இழந்த குழந்தைகள் ஆசிரியரின் பொறுப்பில் வளர்ந்து கல்வி கற்றனர்.

நாட்டை இழந்த மன்னர் தமக்கென மீட்டுக்கொள்ள விரும்பிய உரிமைகளுள் விருந்திடும் உரிமையும் ஒன்று. சத்திர நிர்வாகம் அவர் கையிலேயே நீடித்தது.

பொருளாதார அடிப்படை

சத்திரத்துக்கு விடப்பட்ட ஊர்களின் விளைச்சலே அதன் முதல். காவிரியில் நீர் வந்து குறுவையும் சம்பாவும் விளைந்தால் அன்னசாலையின் உலை கொதிக்கும். பயணி மீண்டும் வருவாரா என்பது கணக்கில் இல்லை. இராமேசுவரம் போகும் முதியவர் அதே வழியில் இரண்டாம் முறை வருவது அரிது. ஆகவே விருந்தினரின் விசுவாசத்தை விலைக்கு வாங்க வேண்டிய தேவை எழவில்லை. ஆனால் நிலத்தின் வருவாய் யார் கைக்குப் போகிறதோ, சத்திரத்தின் போக்கை முடிவு செய்யும் அதிகாரமும் அவர் கைக்கே போனது.

மாற்றம்

1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். தஞ்சை அரசு முடிவுற்று, சத்திரங்கள் அரசு நிர்வாகத்துக்கும் பின்னர் மாவட்டக் கழகத்துக்கும் சென்றன. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் யாத்திரிகர்கள் ரயிலிலேயே கடலைக் கடந்து இராமேசுவரம் தீவை அடைந்தனர். நடைவழிச் சத்திரங்களில் கூட்டம் குறைந்தது.

வருவாய் கல்விக்குத் திரும்பியது. திருவையாற்றில் வடமொழிக் கல்லூரி சத்திர நிதியால் நடந்தது. ஏ. டி. பன்னீர்செல்வம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது அங்கே தமிழ்ப் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஒரத்தநாட்டு விடுதி பிராமணரல்லாத மாணவர்களுக்கும் திறந்தது. யாருக்காக விடப்பட்ட அறம் என்ற கேள்வி இவ்வாறு இருபதாம் நூற்றாண்டில் புதிதாக எழுந்தது.

இன்றைய தங்குமிடங்களுடன் ஒப்பீடு

கட்டணமில்லாத இரவு இன்று வேறு வடிவில் திரும்பியுள்ளது. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பயண வெகுமதித் திட்டத்தைத் தொடங்கியது. 1983-இல் மாரியட் முதலிய ஓட்டல் நிறுவனங்கள் அதைப் பின்பற்றின. அடிக்கடி தங்குபவர் புள்ளிகளைச் சேர்த்து, பின்னர் இலவசமாக அறை பெறுகிறார். அந்த இரவின் செலவு மறைந்துவிடுவதில்லை. நிறுவனத்தின் பெயரில் நடக்கும் ஒவ்வோர் ஓட்டலும் விருந்தினர் செலுத்தும் தொகையில் ஒரு பங்கைத் திட்டத்துக்குக் கட்டுகிறது. புள்ளியைக் கொடுத்துத் தங்குபவருக்காக அத்திட்டம் ஓட்டலுக்கு ஈடு தருகிறது. அந்த ஈடு பல நாட்களில் வழக்கமான வாடகையைவிடக் குறைவு.

வீட்டின் சில அறைகளைப் பயணிகளுக்கு விடுபவர் பெரும்பாலும் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத்தங்கல் திட்டம் ஆறு அறைகள் வரை உள்ள வீடுகளை ஏற்கிறது. ஆறு அறைகளை வைத்துக்கொண்டு பல ஊர்களில் செல்லும் புள்ளியை எவரும் வழங்க முடியாது. பெரிய கோயிலைக் காண வரும் பயணி புள்ளிக்காக ஓட்டலைத் தேர்ந்தால், வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்க வேண்டும். அல்லது வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தர வேண்டும். வாழையிலைச் சாப்பாடும், வாய்க்கால் ஓரத்து நடையும், ஊர்க்கதை சொல்லும் வீட்டாரும் அவருடைய முதல்.

சத்திரத்தில் இலவசத்தின் செலவை நிலம் ஏற்றது. புள்ளித் திட்டத்தில் பிற விருந்தினர்களின் கட்டணம் ஏற்கிறது. சிறு வீட்டுக்காரர் இலவசம் தந்தால் அதைத் தம் கையிலிருந்தே கொடுக்க வேண்டும்.

இன்றைய நிலை

தஞ்சாவூர் மாவட்ட நிர்வாகத்தின்கீழ்ச் சத்திரச் சொத்துகளுக்கெனத் தனி வட்டாட்சியர் இருக்கிறார். கட்டடங்கள் சில சிதைந்துள்ளன. சில வேறு பயன்பாட்டுக்கு மாறியுள்ளன. யாத்திரை வழியில் அமைந்த ஊர்ப்பெயர்களில் மட்டும் பழைய விருந்தோம்பலின் தடம் ஆங்காங்கே தங்கியிருக்கிறது.