வரி தண்டுபவனும் அரசனும்

உள்ளத்தை ஓர் அரசனாக உருவகித்தார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். அறிவு அமைச்சன்; சினம் காவல் தலைவன்; இச்சையோ வரி தண்டுபவன். வரியின்றி நாடு நடவாது. ஆதலால் இச்சையைக் கொல்லுமாறு அவர்கள் கூறவில்லை. அமைச்சனை மீறி அவன் ஆளத் தலைப்பட்டால் நாடு பாழாகும் என்றே அஞ்சினார்கள். அதிகாரத்தின் இன்பத்தையும் அவர்கள் அறிவார்கள். புகழாசை தம்மைப் பற்றியிருந்ததை உணர்ந்தே 1095-இல் பக்தாத் நிஜாமிய்யாவின் ஆசிரியப் பீடத்தைத் துறந்தார்கள்.

நம் வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் வணிகத்தைப் பாருங்கள். 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி எழத் துணைநின்றது, பொருளீட்டும் அந்த இச்சைதான். ஆவாரம்பட்டை பின்தங்கிக் குரோமியம் பெருகிய காலத்தில், ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. இலாபம் ஒருவர் பெட்டியில். உப்புநீர் உழவர் கிணற்றில்! உள்ளிருந்த அமைச்சன் வாளாவிருக்க, வெளியிலிருந்து உச்ச நீதிமன்றம் பேச நேர்ந்தது. 28-8-1996 அன்று ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, பாழ்பட்ட நிலத்திற்கும் மக்களுக்கும் ஈடு செய்யப் பணித்தது.