ஸ்கார்பரோ–ரூஜ் ரிவர்: ஒரு நகர்ப்புறத் தொகுதியின் தேர்தல் வரலாறு

கனடாவின் டொராண்டோ மாநகரைச் சார்ந்த ஸ்கார்பரோ–ரூஜ் ரிவர் தொகுதி, 1988 முதல் 2011 வரை எட்டுக் கூட்டரசுப் பொதுத் தேர்தல்களைக் கண்டது. முதல் ஏழிலும் லிபரல் கட்சியின் டெரெக் லீ வென்றார். 2011இல் அவர் போட்டியிடவில்லை. அத்தேர்தலில் புதிய சனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார்.

இவ்வெற்றியை இனவழி வாக்கின் விளைவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஜாக் லேட்டன் தலைமையில் அக்கட்சி அவ்வாண்டில் நாடெங்கும் எழுச்சியுற்று முதன்மை எதிர்க்கட்சியானது. 2015இல் மறுவரையறையால் இத்தொகுதி மறைந்தது. புதிய ஸ்கார்பரோ வடக்கில் ராதிகா தோல்வியுற்றார். ஸ்கார்பரோ–ரூஜ் பார்க்கில் லிபரல் கட்சியின் கரி ஆனந்தசங்கரி வென்றார்.

தமிழ் வேட்பாளர் என்னும் அடையாளம் மட்டுமே வெற்றிக்குப் போதுமானதன்று. கட்சி அலையும் தொகுதி எல்லையும் உடன் கருதத்தக்கன என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.