ஆறு பைசாவும் நான்கு பைசாவும்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சங்கக் கட்டடத்தின் மாடி அறை மாலை நேரத்தில் பூட்டியேதான் கிடக்கிறது; பக்கத்து மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படிக்க இடம் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. நம் வீடுகளில் வேலை செய்பவர்கள், காவலாளிகள், தெருமுனையில் இஸ்திரி போடுபவர் ஆகியோரின் பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். கொஞ்சம் சுண்டல், ஒரு டம்ளர் பால், சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற நாலு பேர். யோசனை இவ்வளவுதான். "அதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலை" என்றார் ஒருவர். சங்கக் கணக்கைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் நானும் எழுந்து, "பராமரிப்புச் சந்தாவை இதற்குச் செலவிட விதியில் இடமில்லை" என்றேன். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

நான் சொன்னது விதிப்படி சரிதான். ஆனாலும் வீட்டுக்கு வந்தபின் மனசு ஒப்பவில்லை. நான் படித்து ஆளானதே இப்படி ஒரு பொதுக் கணக்கில்தான். அந்தக் கணக்கின் வரலாற்றை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் 1920க்குப் போவோம். அப்போது சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகள் ஏழைகள். பசியோடு வர முடியாமல் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்குப் பள்ளியிலேயே சிற்றுண்டி கொடுப்பது என்று மாநகராட்சி மன்றம் முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிவுபடுத்தினார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை எண்ணூற்றுச் சொச்சத்திலிருந்து ஆயிரத்து அறுநூறைத் தாண்டியது.

ஆனால் 1925 ஏப்ரலில் அது நின்றுபோயிற்று. காரணத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவு செய்யக்கூடாது என்று அரசு ஆட்சேபித்துவிட்டது. பணம் இல்லாமல் நிற்கவில்லை, பிள்ளைகள் வராமலும் நிற்கவில்லை. கணக்குத் தலைப்பு சரியில்லை என்று நின்றது. சென்ற கூட்டத்தில் நான் சொன்னதும் அதேதான். 1927ல் 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று மறுபடி தொடங்கினார்கள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் படிப்பை விட்டுப் போன பிள்ளைகள் திரும்பி வந்தார்களா என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் பதிவு இருக்காது.

அடுத்தது காமராஜர் காலம். 1954ல் முதலமைச்சரானார். கல்வித் துறையின் இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு இருந்தார். பள்ளிக்கூடம் திறந்தால் மட்டும் போதாது, வயிறு காலியாக இருந்தால் பிள்ளை மாடு மேய்க்கத்தான் போகும் என்பதை இருவருமே உணர்ந்திருந்தார்கள். ஆனால் அரசு கஜானாவில் அவ்வளவு பணம் இல்லை. அதனால் 1956ல் மதிய உணவுத் திட்டம் ஊர் மக்களின் சொந்த முயற்சியாகத்தான் ஆரம்பித்தது. எட்டயபுரத்தில் அதைத் தொடங்கிவைத்த காமராஜர், இதற்காக ஊர் ஊராகப் போய்க் கையேந்தவும் தான் தயார் என்ற கருத்தில் பேசினார். ஒரு முதலமைச்சர் பேசுகிற பேச்சா இது என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் சும்மா இருக்க முடியவில்லை.

1957ல் அரசு தன் பங்கைப் போட முன்வந்தது. ஒரு பிள்ளையின் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பத்து நயா பைசா. அதில் ஆறு பைசா அரசாங்கம், நான்கு பைசா ஊர். நயா பைசா புழக்கத்துக்கு வந்த ஆண்டும் அதுதான். பழைய ஓர் அணா என்பது ஆறேகால் நயா பைசா. அதாவது 1920ல் மாநகராட்சி விதித்த உச்சவரம்பும் 1957ல் அரசு கொடுத்த பங்கும் ஏறத்தாழ ஒரே தொகை. இடையில் ஒரு உலகப் போர் வந்து விலைவாசியை எங்கோ கொண்டுபோய் விட்டிருந்தது. ஆக, ஊரின் நான்கு பைசா இல்லாவிட்டால் அடுப்பு எரிந்திருக்காது.

அந்த நான்கு பைசா எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கரிசல் காட்டில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது அறுபதுகளின் முற்பாதியில். அம்மா தினமும் உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். வாரக் கடைசியில் பெரிய வகுப்புப் பையன்கள் சாக்கோடு வந்து வாங்கிப் போவார்கள். அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். மாதம் ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு உப்பும் மிளகாயும் அனுப்புவார். விறகு ஒரு வீடு, புளி ஒரு வீடு. இன்ன வீட்டில் இன்னது என்று தலைமையாசிரியர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் பார்த்த முதல் கணக்குப் புத்தகம் அது.

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. அப்பாவின் கடையில் கடன் சொன்னவர்கள் கொடுக்கவில்லை, கடை மூடிக்கிடந்தது. அதுவரை மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவந்த என் கையில் அம்மா ஒரு ஈயத் தட்டைக் கொடுத்து, "இன்னைக்கு அங்கேயே சாப்பிட்டுருய்யா" என்றார். அதற்குள் 1961ல் சேர்ந்திருந்த அமெரிக்க நிறுவனமான கேர் கொடுத்த பால்பொடியும் மக்காச்சோள ரவையும் வந்துகொண்டிருந்தன. மஞ்சள் உப்புமா. சமைத்த ஆச்சி என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, மற்றவர்களுக்குப் போட்ட அளவே எனக்கும் போட்டார். ஏறக்குறைய இரண்டு வருஷம் அங்கேதான் சாப்பிட்டேன். கொடுத்துக்கொண்டிருந்த வீடு வாங்குகிற வீடாயிற்று. ஆனாலும் உலை வைத்த நாளிலெல்லாம் அம்மா அந்தப் பிடி அரிசியை எடுத்து வைக்கத் தவறியதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பி.காம். முடித்தவன் நான். வங்கி வேலை, பென்ஷன், இந்த நகரில் ஒரு வீடு, எல்லாம் அதற்குப் பின் வந்தவை.

சோற்றோடு நின்றுவிடவில்லை அந்தக் கூட்டு முயற்சி. 1958ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் அப்போது இருந்த கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஒன்று நடந்தது. ஒவ்வொரு பள்ளியும் தனக்கு என்ன குறை என்று பட்டியல் போட வேண்டும். கூரை, கரும்பலகை, மணி, குடிநீர்ப் பானை, பெஞ்சு, பிள்ளைகளுக்குச் சீருடை என்று. ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு, ஊரில் யார் எதை ஏற்கிறார் என்று எழுதிக்கொள்வார்கள். மாநாட்டு மேடையில் அதையெல்லாம் சபையறிய ஒப்படைப்பார்கள். பிறகு மாநிலம் முழுக்க இப்படி நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. முதலமைச்சரே பலவற்றுக்குப் போனார். இதன் சூட்சுமம் எளிமையானது. மொத்தமாக "பள்ளிக்கு உதவுங்கள்" என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள். "மூன்றாம் வகுப்புக்கு ஒரு கரும்பலகை, இவ்வளவு ரூபாய்" என்றால் யாராவது ஒருவர் கை தூக்கிவிடுவார்.

அந்தக் காலம் மாதிரி வருமா என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஏற்பாட்டின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். எந்த ஊர் அதிகம் ஏழையோ, அந்த ஊரால்தான் நான்கு பைசா திரட்ட முடியாது. எந்த வருஷம் பஞ்சமோ, அந்த வருஷம்தான் சோறு அதிகம் தேவைப்படும். பிள்ளையின் சாப்பாடு பெரிய வீட்டுக்காரரின் மனநிலையைப் பொறுத்து இருக்கக்கூடாது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது செலவு முழுவதையும் அரசே ஏற்றது. கட்டுப்படியாகாது என்று அன்று பேசியவர்கள் நிறையப் பேர். எங்கள் வங்கிக் கிளையிலேயே பேசினார்கள். 1989ல் முட்டை சேர்ந்தது. 2001ல் நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தர்மமாக இருந்தது உரிமையாயிற்று. இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. சமைப்பவர் இன்ன சாதி என்று சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த சம்பவங்கள் அண்மைக்காலத்திலும் செய்தித்தாளில் வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் சட்டமும் அதிகாரியும்தான் வர வேண்டும், ஊரை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அப்படியானால் ஊருக்கு இனி வேலை இல்லையா? இருக்கிறது என்றுதான் அரசே நினைக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைக்கப்படும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், முதல் கட்டமாக 1,545 பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு உணவு கிடைத்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்தவர்களுக்கு அதில் சமையல் பொறுப்பு உண்டு. அதே பள்ளியில் தங்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார்களுக்கு முன்னுரிமை.

இப்போது நம் கணக்குக்கு வருகிறேன். காலை உணவு, மதிய உணவு, புத்தகம், சீருடை எல்லாம் அரசின் ஆறு பைசா. பள்ளி விட்டு நாலரை மணிக்கு வெளியே வரும் பிள்ளை, அம்மா நம் வீட்டு வேலையை முடித்துத் திரும்பும் எட்டு மணி வரை எங்கே இருக்கும், யாரோடு இருக்கும் என்பதை எந்தத் திட்டமும் பார்த்துக்கொள்வதில்லை. அந்த மூன்றரை மணி நேரம்தான் நமது நான்கு பைசா என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே சென்ற கூட்டத்தில் நான் எழுப்பிய ஆட்சேபணைக்கு நானே ஒரு வழி சொல்கிறேன். பராமரிப்புச் சந்தாவைத் தொட வேண்டாம். தனிப் பேரேடு ஒன்று வைப்போம். விருப்பப்பட்டவர்கள் மட்டும் பெயர் கொடுக்கலாம். பணமாக வேண்டாம், பட்டியலாக வைப்போம்: திங்கட்கிழமை சுண்டல் யார் வீடு, புதன்கிழமை கணக்குப் பாடம் யார், மாடிக்கு இரண்டு மின்விசிறி யார் என்று. பிள்ளைகளின் பெற்றோரில் இரண்டு பேரும் பள்ளியின் தலைமையாசிரியரும் அந்தக் குழுவில் இருக்கட்டும். அவர்களைக் கேட்காமல் நாமாக எதையும் முடிவு செய்ய வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பினால் அங்கேயே வந்து படிக்கட்டும், எல்லோருக்கும் ஒரே பாய். மாதக் கணக்கை நான் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். புதன்கிழமைக் கணக்குப் பாடத்துக்கும் என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இது நடக்குமா என்று கேட்பீர்கள். பாதியில் நின்றுபோகவும் கூடும். முதல் மாதம் இருக்கும் உற்சாகம் மூன்றாம் மாதம் இருப்பதில்லை என்பது சங்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நின்றால் ஆள் இல்லாமல் நின்றது என்று இருக்கட்டும், தலைப்பு சரியில்லை என்று நின்றதாக வேண்டாம்.

அடுத்த பொதுக்குழுவில் இந்தப் பொருள் மறுபடி வருகிறது. அவசியம் வாருங்கள். ஒப்புதல் இல்லாதவர்களும் வாருங்கள், உங்கள் காரணத்தையும் கேட்போம். வரும்போது பட்டியலில் உங்களால் எதை ஏற்க முடியும் என்று மட்டும் வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள். ஒரு பிடி போதும்.