லைலாவுக்கு இல்லாத பந்தயம்

1936 பிப்ரவரி. ஜெர்மனியின் கார்மிஷ் மலைச்சரிவில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி எல்லோரையும் முந்திக்கொண்டு இறங்குகிறாள். பெயர் லைலா ஷூ நீல்சன், ஊர் நார்வே. உண்மையில் அவள் ஐஸ் ஸ்கேட்டிங்காரி. அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கு வேக ஸ்கேட்டிங் கிடையாது. வேறு வழியில்லாமல் ஸ்கீ கட்டையை மாட்டிக்கொண்டாள். சரிவோட்டத்தில் முதலிடம், ஸ்லாலமும் சேர்த்த மொத்தக் கணக்கில் வெண்கலம். பிழைக்க வந்த இடத்திலேயே இப்படி!

அவளுடைய சொந்தக் களம் ஒலிம்பிக்குக்கு வெளியே இருந்தது. அதே ஆண்டு ஸ்டாக்ஹோமில் வேக ஸ்கேட்டிங்கில் பெண்களுக்கான முதல் அதிகாரபூர்வ உலக ஆல்ரவுண்ட் போட்டி நடந்தது. அமெரிக்காவின் கிட் கிளைன் வென்றார். 1937, 1938 பட்டங்கள் லைலாவுக்கு. ஆண்களுக்கு இதே போட்டி 1893லேயே வந்துவிட்டது. 43 ஆண்டு தாமதத்துக்கு என்ன காரணம் சொன்னாலும் எனக்குச் சமாதானமாகாது.

ஆல்ரவுண்டில் பாய்ச்சலும் வேண்டும், தம்மும் வேண்டும். இன்றைய முறையில் பெண்களுக்கு 500, 3000, 1500, 5000 மீட்டர் என்று நான்கு ஓட்டம். எல்லா நேரத்தையும் 500 மீட்டர் கணக்குக்கு இறக்குவார்கள். 1500 மீட்டரை 2 நிமிடம் 15 விநாடியில் ஓடினால் 135 விநாடி. மூன்றால் வகுத்தால் 45 புள்ளி. 3000க்கு ஆறால், 5000க்குப் பத்தால் வகுக்க வேண்டும். நான்கையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கே பட்டம். குட்டை ஓட்டத்தில் ஒரு விநாடி பிந்தினால் 5000 மீட்டரில் பத்து விநாடி முந்தித்தான் அதை ஈடுகட்ட முடியும். கடைசிச் சுற்றுவரை பார்வையாளர்கள் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் பெண்கள் வந்தார்கள். மரியா இசகோவா 1948 முதல் 1950 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றார். அவரையும் தாண்டியவர் இங்கா ஆர்தமோனோவா. படகுத் துடுப்பு பிடித்துப் பழகிய கை. 1957, 1958, 1962, 1965 என்று நான்கு பட்டம். அதுவரை எந்தப் பெண்ணும் எட்டாத எண்ணிக்கை. 1966 ஜனவரியில், 29 வயதில், கணவர் கையால் கத்திக்குத்துப்பட்டு இறந்தார்.

ஒலிம்பிக் தன் வேக ஸ்கேட்டிங் பதக்கங்களைப் பெண்களுக்குத் திறந்தது 1960இல், அமெரிக்காவின் ஸ்குவா வேலியில். ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனிப் பதக்கம், ஆல்ரவுண்டுக்குக் கிடையாது. நான்கு முறை உலகை வென்ற இங்கா ஒரு ஒலிம்பிக்கிலும் ஓடவில்லை.

(தொடரும்)