சாலையில் பிறந்த எழுத்து



சாலையோரப் பலகையைத் தினமும் பார்க்கிறோம். அந்த எழுத்தையும் ஒருத்தர் உட்கார்ந்து வரைந்திருப்பாரே என்று நினைத்ததுண்டா? பிரிட்டனில் நடந்த கதை இது.

1950களில் அந்நாட்டுப் பலகைகள் ஊருக்கொரு விதமாக இருந்தன. மெதுவாகப் போகிற வண்டிக்கு அது போதும். 1958 டிசம்பரில் பிரெஸ்டன் நகரருகே முதல் மோட்டார் நெடுஞ்சாலை திறந்தது. பறக்கிற வேகத்தில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தால் உயிர் என்னாவது? ஜாக் கின்னியர் என்ற வடிவமைப்பாளரிடம் பொறுப்பு வந்தது. தம்மிடம் படித்த மார்கரெட் கால்வெர்ட்டைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து உண்டல்லவா? எல்லாமே பெரிய எழுத்தானால் ஒவ்வொரு சொல்லும் செங்கல் மாதிரி நிற்கும். சின்ன எழுத்திலோ மேலே நீள்வதும் கீழே தொங்குவதுமாகச் சொல்லுக்கே ஒரு முகம் வந்துவிடும். அதையே இருவரும் பிடித்துக்கொண்டார்கள். கல்லெழுத்துக் கலைஞர் டேவிட் கின்டர்ஸ்லி இதை ஒப்பவில்லை. சோதனையில் அவருடைய பெரிய எழுத்தே சற்றுக் கூடுதல் தெளிவாகத் தெரிந்தது! ஆனால் வித்தியாசம் சொற்பம். கின்னியர் எழுத்தே நிலைத்தது. வொர்பாய்ஸ் குழு 1963ல் பரிந்துரைக்க, 1965 முதல் நாட்டின் மற்றச் சாலைகளிலும் ஏறியது. பெயர் ‘டிரான்ஸ்போர்ட்’.

இதில் ஒரு நுணுக்கம் பாருங்க. நீலம், பச்சைப் பலகையிலுள்ள வெள்ளை எழுத்து, விளக்கு வெளிச்சம் பட்டால் பூரித்துத் தெரியும். அதனால் அதற்குச் சற்று மெலிந்த எழுத்து; வெள்ளைப் பலகையின் கறுப்பு எழுத்துக்குத் தடித்தது.

பள்ளிப் பிள்ளைகள் படமும் கால்வெர்ட் வரைந்ததுதான். பழைய பலகையில் தொப்பி போட்ட பையன் சிறுமியை அழைத்துப் போவான். வசதியான பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறதே என்று, சிறுமி ஒருத்தி தம்பியைக் கைபிடித்து நடத்துவதாக மாற்றினார். அந்தச் சிறுமி சின்ன வயது கால்வெர்ட்டேதான்!

கணினி வந்ததும் வேறொரு சிக்கல். சாலைக்கென இருந்தவை இரண்டே தடிமன்கள்; பக்கம் பக்கமாகப் படிக்க அவை பாரம். ஹென்ரிக் குபெல் என்பவரோடு சேர்ந்து, எழுபதைத் தாண்டிய கால்வெர்ட்டே மறுபடி உட்கார்ந்தார். மெல்லிய எழுத்தும் சாய்வெழுத்தும் சேர்ந்த ‘நியூ டிரான்ஸ்போர்ட்’ பிறந்தது. 2012ல் தொடங்கிய பிரிட்டிஷ் அரசின் இணையத்தளம் இதை எடுத்துக்கொண்டது. வரி கட்டவும், லைசென்சு புதுப்பிக்கவும் ஜனங்கள் போகிற இடம் அது. சின்ன ‘எல்’ எழுத்தின் காலில் இருந்த வளைவை மட்டும் அவர்கள் நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் அது பெரிய ‘ஐ’யா, எண் 1ஆ என்று கண் தடுமாறும்.